எருவும் யூரியாவும் சுண்ணாம்பும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில்

நாச்சாரத்தில் நான் வேலை பார்த்த உர நிறுவனத்தில் போன மாதம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவர் யாராவது வந்து பேசட்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். குஷாய்குடாவிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய், மேடையில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, குடைமிளகாய்க்கு இயற்கை உரம் நல்லதா ரசாயன உரம் நல்லதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் மேடம் என்று கேட்டாள். கையில் போன். அதில் ஏதோ ஒரு செயலி ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது போலிருக்கிறது, என் பதில் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கத் தயாராக நின்றாள்.

ஒரே வார்த்தையில் சொல்வதென்றால் 'ஜன்னல்' என்றுதான் சொல்லியிருப்பேன். கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அதனால் இரண்டும் வேண்டும், அளவோடு வேண்டும் என்று வழக்கமானதைச் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம். விவசாயம் படித்தேன், கல்யாணம் ஆனது, கணவருக்கு இந்தத் தெலுங்கு ஊரில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை, மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தேன். உர நிறுவனத்தில் வயல் ஆலோசகர் வேலை கிடைத்தது. முதல் சில வருஷங்கள் நெல், பருத்தி, மக்காச்சோளம். தெலுங்கு கற்றுக்கொண்டேன், ஜீப்பில் முதுகு உடையப் போகவும் கற்றுக்கொண்டேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊரைச் சுற்றிப் பசுமைக்குடில்கள் முளைத்து, சிவப்பும் மஞ்சளுமாகக் குடைமிளகாய் போட ஆரம்பித்த பிறகுதான் என் உத்தியோகத்துக்கே உயிர் வந்தது.

அப்போது எங்கள் பிரிவுக்குத் தலைவியாக வந்தவர் ரஸியா மேடம். இந்த ஊரின் பழைய நகரத்துக்காரர், பேச்செல்லாம் உருது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தோட்டத்தில் இறங்கியதும் செடியைப் பார்க்க மாட்டார். முதலில் விவசாயி கொடுக்கிற தண்ணீரை வாங்கி முழுதாகக் குடிப்பார். பிறகு துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு நேராக எருக்குவியலுக்குப் போவார். முழங்கை வரை உள்ளே விட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு பிடி எடுத்து மோந்து பார்ப்பார். அடுத்து நம் மூக்குக்கு நேராக நீட்டுவார்.

"பெஹலே சூங்கோ," என்பார். முதலில் மோந்து பார், பேச்சு அப்புறம் என்று அர்த்தம்.

யாரையும் அவர் 'தப்பு' என்று சொல்லி நான் கேட்டதில்லை. "கைக்கு?" என்று கேட்பார். ஏன் என்று. விவசாயி ஒரு காரணம் சொல்வார். அதற்கும் "கைக்கு?" என்பார். நாலாவது கைக்குவில் விவசாயி தானே தலையைச் சொறிந்துகொண்டு, ஆமாம், அப்படிச் செய்திருக்கக் கூடாதுதான் என்பார். எனக்கு அந்தப் பொறுமை வராது. நான் முதல் வாயிலேயே கத்திவிடுவேன்.

எருவையும் ரசாயனத்தையும் சேர்த்துப் போடுகிற முறையை எங்கள் பக்கத்தில் நிலைநிறுத்தியவர் அவர்தான். கேட்க எளிமையாக இருக்கும். தொழு உரம் மண்ணுக்கு, ரசாயன உரம் செடிக்கு. மட்கிய எருவோடு வேப்பம் புண்ணாக்கும் நன்மை செய்கிற பூஞ்சாணமும் கலந்து, நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடி வைக்க வேண்டும். குவியல் சூடு அடங்கி, மழை பெய்த மண்போல வாசம் வந்த பிறகுதான் பாத்தியில் இறங்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு பிடி எருவை ஈரத்தோடு பாலிதீன் பையில் போட்டு இறுகக் கட்டி, மறுநாள் அவிழ்த்து மோந்து பார்க்க வேண்டும். மூக்கைச் சுருக்க வைத்தால் அந்த எரு இன்னும் தயாராகவில்லை. நாற்று வேர் பிடித்த பிறகு சொட்டுநீர்க் குழாய் வழியாக ரசாயன உரம், கொஞ்சம் கொஞ்சமாக. கால்சியம் ஒரு நாள், மற்றவை வேறொரு நாள்.

எளிமை என்றுதான் பெயர். ஒருவர் எல்லா உரத்தையும் ஒரே தொட்டியில் கொட்டிக் கலக்கி, பால் திரிந்த மாதிரி வெள்ளைவெள்ளையாக மிதந்ததைப் பார்த்து, சத்து திரண்டு வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். அவ்வளவும் போய்ச் சொட்டுவாயை அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு துளையையும் ஊசியால் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் தலையில் அடித்துக்கொண்டேன். இன்னொருவர் ரசாயனமே கூடாது என்று விரதம் எடுத்தார். செடி மஞ்சள் காமாலை வந்ததுபோல நின்றது, காய் எலுமிச்சை அளவைத் தாண்டவில்லை. இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். கதிர்வேல் விஷயம் அப்படியில்லை.

கதிர்வேல் பவானிக்காரப் பையன். கச்சிபௌலியில் மென்பொருள் வேலை. மேட்சல் தாண்டி நிலம் வாங்கிப் பசுமைக்குடில் போட்டிருந்தான். எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் நான் அவனுக்கு அக்கா ஆகிவிட்டேன். நல்ல பையன். அவனைப் பற்றிக் கெட்டதாக எழுத என்னிடம் ஒன்றுமில்லை, அதுதான் இந்தக் கதையில் என்னை இன்னும் தூங்கவிடாத விஷயம்.

அவனுக்கு விவசாயம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாளெல்லாம் சாயிலு, எல்லம்மா என்ற கணவன் மனைவி தோட்டத்திலேயே தங்கிப் பார்த்துக்கொண்டார்கள். மகபூப்நகர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எல்லம்மா எட்டி நடப்பாள், சத்தமாகச் சிரிப்பாள், பழுத்த காயை இலை மறைவிலும் கண்டுபிடித்துவிடுவாள். கதிர்வேல் ஆபீஸிலிருந்தே பசுமைக்குடில் கொட்டகையைப் பார்க்கக் கேமரா வைத்திருந்தான். அதில் பேசினால் கொட்டகைக்குள் கேட்கும். வெப்பம், ஈரப்பதம், மண்ணின் ஈரம் எல்லாம் அவன் போனில் பச்சை, சிவப்பாகத் தெரியும்.

முதல் பயிருக்கு அவன் யூரியாவை அள்ளிக் கொட்டியிருந்தான். இலை கிரீடம் மாதிரி எழும்பியது, காயெல்லாம் அடிப்பக்கம் கறுத்துக் குழி விழுந்தது. அளவுக்கு மீறின யூரியா கால்சியத்தைக் காய்க்குப் போகவிடாது. ரஸியா மேடம் நாலைந்து கைக்கு கேட்டார். பிறகு எங்கள் முறைக்கு மாற்றினோம். அடுத்த பயிர் கண்ணை எடுக்க முடியாத அழகு. நாலு முகமும் சமமாக, தடித்த தோலோடு, கையில் வைத்தால் கனக்கிற சிவப்புக் காய். ஹோட்டல்காரர்களின் வண்டி தோட்டத்துக்கே வந்து எடுத்துப் போனது. கதிர்வேல் எனக்கு ஒரு பை நிறையக் கொண்டுவந்து, "அக்கா, இது உங்க காயுங்க," என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை, மறைக்க என்ன இருக்கிறது.

மூன்றாவது தடவை கொட்டகையில் ஒரு பாதியில் காய்க்கிற செடி நின்றது, மறுபாதியில் புதுப் பாத்தி போட வேண்டியிருந்தது. மண் பரிசோதனையில் அமிலப் புளிப்பு ஏறியிருந்தது, முதல் பயிருக்குக் கொட்டின யூரியாவின் மிச்சம். முதலில் சுண்ணாம்பு போட்டுத் தண்ணீர் கட்டி ஆறவிடு, சில வாரம் கழித்து மட்கிய எரு, நாற்று நட்ட பிறகு குழாயில் கொஞ்சம் யூரியா. மேடம் சொல்ல நான் தமிழில் அவனுக்கு விளக்கினேன். "சரிங்க்கா, புரிஞ்சுதுங்க," என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டோம். மாட்டு எரு கிடைக்கவில்லை. பக்கத்துக் கோழிப்பண்ணையில் அப்போதுதான் அள்ளிய ஈர எரு கிடைத்தது. அவனுக்கு இருந்தது ஒரு ஞாயிறு, அடுத்தடுத்த வாரங்களில் ஆபீஸில் ஏதோ பெரிய வேலை. ஆளும் வந்திருக்கிறது, மூன்றும் போட வேண்டியதுதானே, ஒரே நாளில் போட்டால் என்ன என்று நினைத்துவிட்டான். கோழி எரு, அதன்மேல் யூரியா, அதன்மேல் சுண்ணாம்பு, கொத்திக் கலக்கித் தண்ணீர் பாய்ச்சியாயிற்று. எருவிலும் யூரியாவிலும் இருக்கிற சத்தைச் சுண்ணாம்பு அம்மோனியா வாயுவாகக் கிளப்பிவிடும். திறந்த வயலாக இருந்தால் நாற்றம் அடித்துக் காற்றோடு போயிருக்கும்.

கொட்டகையும் திறந்துதான் இருந்தது, திங்கட்கிழமை வரை. பக்கத்தில் புதிதாக வில்லாக்கள் வந்திருந்தன. அவர்களுடைய சங்கத்திலிருந்து கதிர்வேலுக்குச் செய்தி வந்தது. பால்கனியில் உட்கார முடியவில்லை, குழந்தைகள் வாந்தி எடுக்கிறார்கள், ஏதாவது செய்யுங்கள் என்று. அவன் மரியாதைக்காரன். உடனே சாயிலுவுக்குப் போன் செய்து, நாலு பக்கத் திரைகளையும் இறக்கிவிடச் சொன்னான். கூரையில் காற்றுப்போக்கியை அவனே ஆபீஸிலிருந்து போனிலேயே மூடினான். நாற்றம் வெளியே வரவில்லை. வில்லாக்காரர்கள் நன்றி சொல்லிப் பூப்படம் அனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை வெயில் ஏறின நேரத்தில் நானும் மேடமும் வேறொரு தோட்டத்துக்குப் போகிற வழியில் அங்கே ஜீப்பை நிறுத்தினோம். சுண்ணாம்பு போட்டாயிற்றா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். திரைகள் இறங்கியிருந்ததைப் பார்த்ததும் மேடம் நின்றுவிட்டார். உள்ளே கதிர்வேலின் குரல் கேட்டது. வேலை நாளில் எப்படி வந்தான் என்று நினைத்தேன். பிறகுதான் அது கேமராவின் குரல் என்று புரிந்தது.

"எல்லம்மா, லே. எந்துக்கு கூசுன்னவ்? பண்டி ஒஸ்தாந்தி."

எழுந்திரு எல்லம்மா, ஏன் உட்கார்ந்துவிட்டாய், வண்டி வந்துகொண்டிருக்கிறது. அதட்டல்கூட இல்லை, வீட்டு ஆளிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னான். பதில் வரவில்லை. மறுபடியும், "லே, எல்லம்மா. லே."

ஓடிப்போய்க் கதவில் கை வைத்தேன். இடுக்கு வழியாக வந்த காற்று கண்ணில் மிளகாய்ப்பொடி தூவியதுபோல அறைந்தது. மேடம் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "நக்கோ! அந்தர் நக்கோ ஜாவ்!" வேண்டாம், உள்ளே போகாதே என்று. அவர் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பம்புக்கொட்டகையிலிருந்து சாயிலு ஓடிவந்தான். காயைப் பறிக்க இப்போதுதான் உள்ளே போனாள் என்றான். மேடம் அவன் கையில் அரிவாளைக் கொடுத்து இரண்டு பக்கத் திரையையும் கிழிக்கச் சொன்னார். காற்று குறுக்கே ஓடட்டும் என்று. தன் துப்பட்டாவைத் தண்ணீரில் முக்கி முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அந்த வயதில் மண்ணில் முழங்காலிட்டு ஊர்ந்து உள்ளே போனார். அம்மோனியா லேசானது, மேலே ஏறும், தரையோரம் குறைவாக இருக்கும். அது எனக்கும் தெரியும். ஆனால் ஊர்ந்து போனது அவர்தான், நான் வாசலிலேயே நின்றேன்.

திரை கிழிந்ததும் உள்ளே தெரிந்தது. செடிகள் வெந்நீரில் போட்டெடுத்த கீரை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே எல்லம்மா, சாய்ந்தும் சாயாமலும், கூடையைப் பிடித்தபடி. மேலே இருந்து குரல் மட்டும் நிற்கவில்லை. "எவரு அதி? லோபல எவரு?" உள்ளே யார் என்று கேட்டது. மேடம் ஊர்ந்து போவது அவன் திரையில் தெரிந்திருக்கிறது.

நான் அந்தக் கேமராவைப் பார்த்து என் ஊர்ப் பேச்சிலேயே கத்தினேன். "டேய் கதிரு, அவ உக்காரலடா! உழுந்து கெடக்கறாடா!"

அதன்பிறகு குரல் வரவில்லை.

மேடமும் சாயிலுவும் அவளை வெளியே இழுத்தார்கள். மூச்சு இருந்தது, இழுத்து இழுத்து. கண்ணை இறுக மூடியிருந்தாள், இமையோரம் வீங்கிச் சிவந்திருந்தது. நான் சொட்டுநீர்க் குழாயைப் பிடுங்கி அவள் முகத்துக்குக் கொண்டுபோனேன். "டேங்க்!" என்றார் மேடம். அந்தக் குழாய்த் தண்ணீர் உரத் தொட்டி வழியாக வருவது. ஓடிப்போய் அதன் வால்வை மூடி, நாக்கில் ஒரு சொட்டு வைத்து வெறும் தண்ணீர்தான் என்று தெரிந்த பிறகே ஊற்றினேன். மேடம் விரலால் இமைகளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டார். எல்லம்மா அலறினாள். அலறட்டும், நிறுத்தாதே என்றார். ஜீப்பில் ஏற்றிய பிறகும் கேன் கேனாக ஊற்றிக்கொண்டே போனோம். கண்ணாஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது ஜீப்புக்குள் குளம் கட்டியிருந்தது.

டாக்டர் இரண்டு கண்ணுக்கும் கட்டுப்போட்டார். தண்ணீர் ஊற்றியது நல்ல காரியம், மற்றபடி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். பார்வை வருமா வராதா என்று சாயிலு கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் பார்வை வந்தது. ஒரு கண்ணில் மட்டும் பனி படர்ந்த மாதிரி இருக்கிறது என்பாள், அது கடைசிவரை சரியாகவில்லை. சிகிச்சை முழுவதையும் கதிர்வேல்தான் பார்த்தான். அந்தக் கொட்டகையில் மறுபடியும் எங்கள் முறையில் குடைமிளகாய் விளைந்தது, நன்றாகவே விளைந்தது. இயற்கையா ரசாயனமா என்று கேட்டால் அந்தச் செவ்வாய்க்கிழமையில் இரண்டுமே குற்றவாளி இல்லை. எருவைப் போடச் சொன்னது சரி, யூரியா சரி, சுண்ணாம்பும் சரி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் விட வேண்டிய நாளையும் காற்றையும்தான் யாரோ எடுத்துக்கொண்டார்கள். சிந்தித்துப் பார்த்தால் அந்த வில்லாக்காரக் குழந்தைகளுக்கு வந்த வாந்தியும் உண்மைதான்.

ஆனால் அன்று மாலை எங்களுக்கு இதெதுவும் தெரியாது. கதிர்வேல் வந்தபோது லேப்டாப் பை தோளிலேயே இருந்தது, கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. வராந்தாவில் என்னைப் பார்த்ததும் நேராக என்னிடம் வந்தான்.

"அக்கா, போன்ல எல்லாமே பச்சையாத்தானுங்க காட்டுச்சு. டெம்பரேச்சர் பச்சை, ஈரம் பச்சை. நான் பார்த்துட்டேதான் இருந்தனுங்க. அவ உக்காந்தத நான் பார்த்தனுங்க்கா."

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான் என்பதை என் மனம் ஏற்க மறுத்தது.

மேடம் மெதுவாகக் கேட்டார். "கைக்கு பந்த் கரே, பேட்டா?" ஏன் மூடினாய் என்று. அவன் வில்லாக்காரர்களின் செய்தியைச் சொன்னான். அடுத்த கைக்குவை மேடம் கேட்கவில்லை. நர்ஸ் கட்டிக் கொடுத்திருந்த பாலிதீன் பையை அவனிடம் நீட்டினார். உள்ளே எல்லம்மாவின் சேலை.

"பெஹலே சூங்கோ."

முடிச்சை அவிழ்த்து முகத்தை அருகில் கொண்டுபோனவன் உதறிக்கொண்டு பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டான். கண்ணில் நீர் வழிந்தது. அது வாயுவினாலா வேறு எதனாலா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பையை மறுபடி கட்டி வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் அவளைப் பார்க்க வேண்டும் என்றான்.

வார்டில் எல்லம்மா அசையாமல் படுத்திருந்தாள். கண்ணில் வெள்ளைக் கட்டு, கையில் குளுக்கோஸ் ஊசி. சாயிலு அவள் காலடியில் தலை வைத்துக் கண்ணயர்ந்திருந்தான். கதிர்வேல் கட்டிலருகே போய் நின்றான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான். குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, "எல்லம்மா," என்றான்.

அவள் உடம்பு தூக்கிப் போட்டது. ஊசி குத்திய கையை ஊன்றி, கட்டுப்போட்ட முகத்தை மேலே, கேமரா இருக்கிற பக்கம் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு, கட்டிலிலிருந்து காலைக் கீழே இறக்கித் தரையைத் தேடினாள்.

"லேஸ்துன்னா சார்," என்றாள். "லேஸ்துன்னா."

எழுந்துகொண்டிருக்கிறேன், சார்.